சின்னவளை முதலில் கூட்டிப் போங்கள்

கேள்வி: எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் எட்டாம் வகுப்பு, போன வருடத்திலிருந்து கண்ணாடி போடுகிறாள். மகன் மூன்றாம் வகுப்பு. கடைசி மகளுக்கு மூன்றரை வயது. போன மாதம் எங்கள் ஊரில் ஒரு கண் முகாம் வைத்தார்கள். மகனை ஒரு மெசினில் பார்த்துவிட்டு, கண்ணாடி போட வேண்டும், இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்றார்கள். ஒன்றாம் வகுப்பில் பாடசாலைக்கு வந்து பார்த்தபோது கண்ணில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். மூத்தவளுக்கு வருடத்துக்கு ஒருமுறை என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியோ, சின்ன வயதில் கண்ணாடி போட்டால் கண் அதற்கே பழகிவிடும், பொன்னாங்காணி சுண்டிக் கொடு என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பாதை (வாவியைக் கடக்கும் படகு) ஏறி, பஸ் ஏறி ஒரு நாள் போய்விடும். இவருக்கும் அன்றைய கூலி போய்விடும். உண்மையில் பிள்ளைகளின் கண்ணை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்? சின்னவளுக்கு ஒன்றுமில்லை. ரீவி பார்க்கும்போது மட்டும் தலையைச் சரித்துக்கொண்டு பார்ப்பாள், அது அவளுடைய பழக்கம்.
– வாசகி, மண்டூர்

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்டது மகனைப் பற்றி. நான் இரண்டு தரம் திருப்பி வாசித்தது சின்னவளைப் பற்றிய கடைசி வரியை. அதனால் பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன். மூன்று பேரிலும் முதலில் கூட்டிப் போக வேண்டியவள் அவள்தான், அதுவும் இந்த மாதத்துக்குள். மகனுக்குக் கண்ணாடி செய்யக் கொடுக்கும் முன் ஒரு தரம் மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பேரையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம். மூத்தவளுக்கு அவசரமில்லை, வருடத்துக்கு ஒருமுறை என்று சொன்னது சரி. ஏன் இப்படி வரிசையை மாற்றுகிறேன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

பிள்ளை தலையைச் சரித்துப் பார்ப்பது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தாலும் சரியும். ஆனால் ஒரு கண்ணின் தசை சரியாக இழுக்காதபோது, இரண்டாகத் தெரிவதைத் தவிர்க்கத் தலையைச் சரிக்கும் பிள்ளைகள் உண்டு. கண்ணின் முன்பக்க வளைவு ஒரு திசையில் கூடி ஒரு திசையில் குறைந்திருந்தாலும், எந்தக் கோணத்தில் தெளிவாகத் தெரிகிறதோ அந்தக் கோணத்துக்குத் தலை தானாகப் போகும். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியாதது மட்டுமல்ல, தனக்குக் குறை இருப்பதே அதற்குத் தெரியாது. பிறந்த நாளிலிருந்து அப்படித்தான் பார்த்து வருகிறது. உலகமே அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

பார்வை என்பது பிறக்கும்போதே முழுதாக வந்துவிடுவதில்லை, நடை பழகுவதைப் போல அதையும் பழக வேண்டும். கண் படத்தை அனுப்புகிறது, மூளை அதைப் படிக்கப் பழகுகிறது. ஒரு கண் தெளிவான படமும் மற்றக் கண் மங்கலான படமும் அனுப்பினால், மூளை நல்லதை எடுத்துக்கொண்டு மங்கலானதை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண்ணைப் படிக்க மூளை பழகாமலே போய்விடும். இதைத்தான் சோம்பல் கண் என்கிறோம். கண்ணைத் திறந்து பார்த்தால் சிவப்பு இருக்காது, பூளை இருக்காது, வலி இருக்காது. நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஏழு வயதுக்கு முன் கண்டுபிடித்தால் பெரும்பாலும் நன்றாகத் திருத்தலாம். பத்து, பன்னிரண்டு வயதிலும் முயன்று பார்க்கலாம், ஆனால் பலன் மெதுவாகவும் குறைவாகவும் வரும். குறை பெரிதென்றால், வளர்ந்த பிறகு என்ன கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணுக்கு எழுத்து அட்டையின் முதல் இரண்டு வரியைத் தாண்டுவது கஷ்டம்.

எங்கள் பக்கத்தில் இது வெளிவரும் இடம் எது தெரியுமா? வெளிநாட்டு வேலைக்குப் போகும் மெடிக்கல். கட்டாருக்கோ சவுதிக்கோ போக எல்லாம் சரிவந்த இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன்கள் கண் சோதனையில் நின்றுவிட்டு என்னிடம் வருவார்கள். இடது கண்ணை மூடச் சொன்னால் அட்டையின் மிகப் பெரிய எழுத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. "எப்போதிருந்து?" என்று கேட்டால் முழிப்பார்கள். அன்றுதான் வாழ்க்கையில் முதல் தரம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருப்பார்கள். கிரிக்கெட் விளையாடி, மோட்டார் சைக்கிள் ஓடி, வயல் வேலை செய்து வளர்ந்தவர்கள்தான், ஒரு கண்ணாலேயே எல்லாவற்றையும் சமாளித்திருக்கிறார்கள். நான்கு வயதில் ஒரு கண்ணாடியும், நல்ல கண்ணை மூடும் சில மாத ஒட்டும் போதுமாக இருந்திருக்கும் என்பதை அவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சரி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? உலகத்தில் இதற்கு ஒரே விடை கிடையாது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் கண்ணாடிப் பரிசோதகர்களின் சங்கம் ஆறு வயது முதல் பதினேழு வரை வருடம் ஒருமுறை முழுச் சோதனை செய்யச் சொல்கிறது. அதே நாட்டில் கண் வைத்தியர்களும் குழந்தை வைத்தியர்களும், பிறந்தவுடன் ஒன்று, ஒரு வயதுக்குள் ஒன்று, மூன்று வயதுக்குள் ஒன்று, மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் ஒன்று, அதன் பின் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தால் போதும், அதில் சந்தேகம் வந்தவர்களுக்குத்தான் முழுச் சோதனை என்கிறார்கள். இங்கிலாந்தில் நான்கு ஐந்து வயதில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தரம் பார்ப்பதைத்தான் முக்கியமாக வைத்திருக்கிறார்கள். இவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னாலும் ஒரு இடத்தில் எல்லோரும் ஒன்றாக நிற்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் முன், மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில், ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகப் பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் விடக் கூடாது. என்னிடம் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு சோதனைக்குத்தான் காசும் நேரமும் இருக்கிறது என்று ஒரு தாய் சொன்னால், அந்த ஒன்றை இந்த வயதில்தான் செலவழிக்கச் சொல்வேன். உங்கள் சின்னவள் இப்போது அந்த வயதில் இருக்கிறாள்.

எங்கள் இலங்கையில் பிறந்த குழந்தையின் கிளினிக் கொப்பி போடும்போதே கண் கணக்கும் தொடங்கிவிடுகிறது. மிட்வைஃப் மிஸ்ஸி வீட்டுக்கு வந்து நிறுக்கும்போது, பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறதா, வெளிச்சத்தைத் தேடுகிறதா என்று கேட்பது பொழுதுபோக்குக்காக அல்ல. அதன் பிறகு பாடசாலை மருத்துவப் பரிசோதனை. பெரிய பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பார்ப்பார்கள், 200 பேருக்குக் குறைந்த சின்னப் பாடசாலைகளில் எல்லோரையும் பார்ப்பார்கள். இலவசம், பாடசாலைக்கே வருகிறார்கள், இதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று விளங்க வேண்டும். சுளகில் நெல்லுப் புடைப்பதைப் போல ஒரு வேலை அது. பெரிய பதர் பறந்துவிடும், சின்னக் கல் தங்கிவிடும். ஒரு காலை நேரத்தில் நூறு பிள்ளைகளைப் பார்க்கும்போது வரிசையில் பின்னால் நிற்கும் பிள்ளை முன்னால் நிற்பவன் வாசிப்பதைக் கேட்டே பாடமாக்கிவிடும். கையால் கண்ணை மூடச் சொன்னால் விரல் இடுக்கால் பார்க்கும். எங்கள் வீட்டிலேயே ஒரு மருமகன் அப்படி இரண்டு தரம் பாஸ் பண்ணினவன். மாமன் கண் வைத்தியர் என்பதால் அவனுக்கு யாரும் மூன்றாம் சோதனை செய்யவில்லை. அந்த மாமன் நான்தான்.

உங்கள் மகன் தரம் 1இல் நன்றாகப் பார்த்ததும் உண்மையாக இருக்கலாம், இப்போது குறைவதும் உண்மையாக இருக்கலாம். குறும்பார்வை, அதாவது கிட்ட உள்ளது தெரிந்து தூர உள்ளது மங்குவது, பெரும்பாலும் ஆறு ஏழு வயதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்தான் தொடங்குகிறது. பிறக்கும்போது கண் உருண்டையின் நீளம் சுமார் 17 மில்லிமீற்றர், வளர்ந்தவருக்குச் சுமார் 24. பிள்ளை வளர, கண்ணும் வளர வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நீண்டுகொண்டே போகும். ஒரு மில்லிமீற்றர் கூடுதலாக நீண்டாலே இரண்டரை பவர் அளவு வந்துவிடும். ஆகவே தரம் 1இல் கொடுத்த "ஒன்றுமில்லை" தரம் 3க்குச் செல்லாது. தரம் 1க்கும் 4க்கும் இடையில் மூன்று வருடம் போகிறது. எங்கள் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கண்ணை முறித்துப் படிக்கத் தொடங்குவதும் அந்த இடைவெளியில்தான். இந்த இடைவெளியில் எட்டு வயதளவில் ஒரு தரம் நீங்களாகவே காட்டிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அப்படியானால் முகாமில் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். பாதி சரி. பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கும் வில்லை மிகவும் இளகலானது, கிட்டப் பார்க்க ஒரு நொடியில் தடித்துக்கொள்ளும். மெசினுக்குள் கண்ணை வைத்ததும், உள்ளே தெரியும் வீட்டுப் படம் தூரத்தில் இருப்பதாக மெசின் நினைக்கும், பிள்ளையின் கண் அது கிட்ட இருப்பதாக நினைத்து இறுக்கிக்கொள்ளும். வரும் தாளில் இல்லாத குறும்பார்வைக்கு மைனஸ் பவர் அடித்துவிடும். பெரியவர்களுக்கு இந்தப் பிழை அதிகம் வராது, பிள்ளைகளுக்கு வரும். அதனால்தான் முதல் தரம் கண்ணாடி கொடுக்கும்போது வில்லையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு, அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்து, பிறகு அளக்க வேண்டும். மெசின் தாளை மட்டும் வைத்து எட்டு வயதுப் பிள்ளைக்குக் கண்ணாடி செய்யாதீர்கள். அந்தத் தாளை எறியவும் வேண்டாம், கொண்டு வாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மருந்து விட்ட பிறகும் குறும்பார்வை உறுதியென்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பதும் சரிதான். இந்த வயதில் தொடங்குவது வேகமாக ஏறும், தொடங்கும் வயது குறையக் குறைய கடைசியில் நிற்கும் பவர் கூடும். மைனஸ் ஆறைத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை கிழிவது போன்ற தொல்லைகளுக்கு இடமுண்டு. உங்களுக்கோ இவருக்கோ குறும்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்புக் கூடும், இரண்டு பேருக்கும் இருந்தால் இன்னும் கூடும். மூத்தவளுக்கு வந்துவிட்டது என்பதால் தம்பியைக் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பதில் பிழையில்லை. மாறாக, மருந்து விட்டுப் பார்த்ததில் சின்னதாக நீள்பார்வை, அதாவது பிளஸ் பவர், மட்டும் இருந்தால் அந்த வயதுக்கு அது சாதாரணம். கண்ணாடியும் தேவைப்படாது, அடுத்த வருடம் வந்தால் போதும்.

மாமியோடு சண்டைக்குப் போகாதீர்கள், பொன்னாங்காணியைச் சுண்டிக் கொடுக்கட்டும். இலைக்கறியில் வரும் விற்றமின் ஏ கண்ணுக்குத் தேவையானதுதான். அது குறைந்த பிள்ளைகளுக்கு மாலைக்கண் வந்த காலத்தை மாமியின் தலைமுறை கண்டிருக்கும், இப்போது கிளினிக்கில் சின்னப் பிள்ளைகளுக்கு அதைத் தனியாகவே கொடுக்கிறார்கள். ஆனால் நீண்டுபோன கண் உருண்டையை எந்தக் கீரையும் குட்டையாக்காது. கண்ணாடி போட்டால் கண் கெட்டுவிடும் என்ற பயம் வைத்தியர்களுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. பவரைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் ஏறுவது மெதுவாகும் என்று நம்பினார்கள். மலேசியாவில் 94 பிள்ளைகளை வைத்து இரண்டு வருடம் பார்த்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், முழுப் பவர் போட்டவர்களைவிடக் குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் வேகமாக ஏறியிருந்தது. கண்ணாடியைக் கழற்றினால் மங்கலாகத் தெரிவது கண் கெட்டதால் அல்ல. முன்பும் அப்படித்தான் தெரிந்தது, இப்போது தெளிவு எப்படியிருக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது.

மாமிக்கு ஒரு வேலை கொடுக்க விரும்பினால் இதைக் கொடுங்கள்: பின்னேரம் பேரனை வீட்டுக்குள் இருக்க விடாமல் வளவுக்குள் துரத்துவது. சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நாளில் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில், வழக்கம்போல இருந்தவர்களில் நூற்றுக்கு சுமார் 40 பேருக்குக் குறும்பார்வை வந்தது, வெளியில் விட்டவர்களில் 30 பேருக்குத்தான் வந்தது. 2015இல் வெளிவந்த கணக்கு இது. ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் வெளியில் இருந்தால் இன்னும் நல்லது. கொளுத்தும் வெயிலில் நிற்கத் தேவையில்லை, மாமர நிழலில்கூட வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. ஏற்கெனவே தொடங்கிவிட்ட குறும்பார்வையை இது திருப்பி அனுப்பாது, தொடங்காமல் தடுப்பதில்தான் பலன் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, பிள்ளைகளுக்குத்தான் நேரமில்லை. பாடசாலை விட்டு வந்து, சோற்றைத் தின்ற கையோடு, ஒற்றை லைட் எரியும் தகரக் கொட்டிலுக்குள் ரியூசன். மூன்றாம் வகுப்புக்கு ஏன் கிழமைக்கு ஆறு நாள் ரியூசன் என்று நான் கேட்டால் பெற்றோர் என்னைத்தான் விசித்திரமாகப் பார்க்கிறார்கள்.

மூத்தவளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, வளர்ச்சி நிற்கும்வரை. ஒரு வருடத்தில் ஒரு பவர் அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தால் அடுத்ததை ஆறு மாதத்தில் வையுங்கள். ஒன்று மட்டும் விசாரித்துப் பாருங்கள், பாடசாலையில் கண்ணாடியைப் போடுகிறாளா, பெட்டிக்குள் வைத்திருக்கிறாளா? பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளில் பலர் வாசலில் கழற்றிவிடுவார்கள். கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவான் என்று வீட்டில் யாரோ பகிடியாகச் சொன்ன ஒரு வார்த்தை போதும். திட்டாமல், அவள் விரும்பும் பிரேமை அவளையே எடுக்க விடுங்கள்.

இந்த மாதக் கணக்கெல்லாம் கண்ணில் எந்த அறிகுறியும் தெரியாத பிள்ளைக்குத்தான். சில விசயங்களுக்குக் கலண்டர் பார்க்கக் கூடாது. கருமணிக்குள் வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது லைட் அடித்து எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் வந்தால், நாளைக்கே காட்டுங்கள். போட்டோ எடுத்த கோணத்தாலும் அப்படி வரலாம், ஆனால் சின்னப் பிள்ளைகளின் கண்ணில் வரும் புற்றுநோயும் அப்படித்தான் தலைகாட்டும், அதில் கிழமைகள்கூடப் பெறுமதியானவை. நான்கு மாதம் கடந்த குழந்தைக்கு வாக்குக்கண், அதாவது இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்காத நிலை, இருந்தால், அதிர்ஷ்டக் கண் என்று கொஞ்சிக்கொண்டிராமல் கொண்டு போங்கள். மாதம் நிறையாமல் மிகவும் நிறை குறைந்து பிறந்த குழந்தைக்கு விழித்திரைச் சோதனை பிறந்த சில கிழமைகளுக்குள்ளேயே செய்ய வேண்டியது, அந்தத் திகதியை எந்தக் காரணத்துக்கும் தவற விடக் கூடாது. சீனி வருத்தம் உள்ள பிள்ளை, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை, சின்ன வயதிலேயே கண்புரை வந்த குடும்பத்துப் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் வைத்தியர் தனிக் கணக்குப் போட்டுத் தருவார்.

அப்புறம், கண் கடிக்கிறது என்று பார்மசியில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து. சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். விட்டவுடன் கடி நிற்கும், அதனால் மாதக்கணக்கில் விடுவார்கள், கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு பழுதாகும். அப்படிப் பார்வை இழந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன், அதனால் இதை எங்கே எழுதினாலும் சொல்லிவிடுவேன். வயலில் நெற்கதிர் கீறினாலும், சித்திரை வருடப்பிறப்புக்குச் சீனவெடி பட்டாலும் அதே கதைதான். தாய்ப்பாலோ இலைச்சாறோ விடாமல், கசக்காமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு.

இனிப் பயணம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது லேசில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் ஒன்றுக்கு இரண்டு தரம் அலைய வைக்கும் ஆலோசனை தர மாட்டேன். முதலில் உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் சின்னவள் தலை சரிப்பதைச் சொல்லுங்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பக்கத்து ஆஸ்பத்திரி ஓபிடியிலோ ஒரு கடிதம் தருவார்கள். கடிதத்தோடு போனால் கண் கிளினிக்கில் வேலை சுருங்கும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கண் பிரிவு இருக்கிறது, அம்பாறை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அம்பாறைப் பொது வைத்தியசாலை. சோதனைக்குக் காசு இல்லை. பிள்ளைகளுக்கு மருந்து விட்டுப் பார்ப்பது எந்த நாள் என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள், குருமண்வெளிப் பாதையில் முதல் பயணத்தைப் பிடித்தால்தான் நம்பர் கிடைக்கும். ஆவணியில் கோயில் திருவிழா நாட்களில் மட்டும் வேண்டாம், பாதையில் கால் வைக்க இடம் இருக்காது.

சின்னவளுக்கு எழுத்துத் தெரியாதே, எப்படிச் சோதிப்பார்கள் என்று யோசிக்காதீர்கள். சொட்டு மருந்து விட்ட பிறகு கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடித்து, பிள்ளை ஒரு வார்த்தை பேசாமலே பவரை அளந்துவிடலாம். கைக்குழந்தைக்கும் அப்படித்தான் அளக்கிறோம். மருந்து ஒரு நிமிடம் எரியும், அழுவாள், அது உண்மை. எரியாது என்று பொய் சொல்லிக் கூட்டி வந்தால் அடுத்த தரம் கதவுக்கே வர மாட்டாள். விட்டபின் கருமணி விரிந்து, கிட்ட உள்ளது மங்கலாகவும் வெளிச்சம் கூசுவதாகவும் இருக்கும். அடுத்த நாள்வரை நீடிக்கலாம். திரும்பும்போது வாவித் தண்ணீரில் மத்தியான வெயில் பட்டுத் தெறிக்கும், இரண்டு பேருக்கும் தொப்பி எடுத்துப் போங்கள். மகனுக்கு அடுத்த நாள் வகுப்புச் சோதனை இருந்தால் அந்தத் திகதியை மாற்றுங்கள்.

சோம்பல் கண் என்று தெரிந்தால் முதலில் கண்ணாடி மட்டும் கொடுத்துச் சில மாதம் பார்ப்பார்கள். சில பிள்ளைகளுக்கு அதிலேயே சரியாகிவிடும். மிச்சம் இருந்தால் நல்ல கண்ணை ஒட்டு வைத்து மூடி, சோம்பல் கண்ணை வேலை வாங்குவது. நாள் முழுவதும் மூடித் துன்பப்படுத்திய காலம் போய்விட்டது. நடுத்தரமான குறைக்கு ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம் மூடுவதும் 6 மணித்தியாலம் மூடுவதும் ஒரே பலனைத் தருகின்றன என்று 2003இல் அமெரிக்காவில் செய்த ஆய்வு காட்டியது. குறை பெரிதென்றால் கூடுதல் நேரம் சொல்வார்கள். ஒட்டைக் கண்ணாடிக்கு மேலே ஒட்டாமல் தோலில் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தால் எட்டிப் பார்ப்பாள். இந்தக் காலத்தில் மட்டும் வருடக் கணக்கு இல்லை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும்.

போகும் முன் வீட்டில் ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். ஒரு வெள்ளை அட்டையில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில், மூன்று கால் உள்ள மேசையைப் போல ஒரு படத்தைக் கறுப்புப் பேனாவால் தடிப்பாக வரையுங்கள். முதலில் கிட்ட வைத்து, மேசையின் கால் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையை நீட்டப் பழக்குங்கள். இரண்டு நாளில் பிடித்துக்கொள்வாள். பிறகு பத்து அடி தள்ளி நின்று, அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். அப்பாவின் லேஞ்சியை மடித்து ஒரு கண்ணைக் கட்டி ஒரு தரம், மற்றக் கண்ணைக் கட்டி ஒரு தரம். சரியாகச் சொன்னாலும் ஆஸ்பத்திரிப் பயணத்தை நிறுத்தாதீர்கள், இந்த அட்டை அந்த அளவுக்கு நம்பத்தக்கதல்ல. ஆனால் ஒரு கண்ணைக் கட்டும்போது சும்மா இருந்துவிட்டு, மற்றக் கண்ணைக் கட்டும்போது மட்டும் லேஞ்சியைப் பிய்த்து எறிந்து அழுதாள் என்றால், எந்தக் கண்ணைக் கட்டியபோது அழுதாள் என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் அதைத்தான் கேட்பார்.